வயதான சுண்டெலிகளும் உறுதியில்லாத கிராண்டும்: மூளை முதுமை ஆராய்ச்சியைத் தொடரவா, திசை மாறவா?

கயல் கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காக (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வாளராக) இருக்கிறேன். வயதாக ஆக மூளை எப்படித் தளர்கிறது, உடற்பயிற்சி அதில் எதைத் தடுக்கிறது என்பதுதான் எங்கள் லேபின் வேலை. இந்தத் துறையிலும் கிராண்ட் (ஆராய்ச்சி நிதி) விவகாரங்களிலும் பழுத்தவர்கள் இங்கே சிலர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்தில் ஓடும் சுண்டெலிகளின் ஹிப்போகேம்பஸில் (நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி) புது நரம்பு செல்கள் கூடுதலாகப் பிறக்கின்றன என்று 1999-இல் சால்க் நிறுவனத்தில் ஃப்ரெட் கேஜ் குழுவினர் காட்டினார்கள். கால் ஓடுகிறது, மூளையில் செல் பிறக்கிறது. நடுவில் சேதி கொண்டுபோவது யார்? 2020-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் சால் வியேடா குழு ஒரு பதில் தந்தது. பயிற்சி செய்த சுண்டெலியின் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதியை), பயிற்சியே இல்லாத வயதான சுண்டெலிக்கு ஏற்றினால் அதன் நினைவாற்றல் தேறுகிறது. அதற்குக் காரணமானவற்றில் ஒன்று ஜிபிஎல்டி1 என்ற என்சைம், கல்லீரலிலிருந்து வருவது. ஆனால் அது மூளைக்குள் எளிதில் நுழைவதே இல்லை! அடுத்த வருடம் ஸ்டான்ஃபோர்டில் டோனி விஸ்-கோரே குழு கிளஸ்டரின் என்ற புரதத்தைச் சுட்டியது. அதுவும் மூளையின் ரத்தக்குழாய்ச் சுவர் செல்களில் ஒட்டிக்கொள்கிறது, மூளையின் அழற்சி குறைகிறது. வாசலில் நின்று சொல்கிற சேதி வீட்டுக்குள் இருப்பவரை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்ப்பது அந்த வாசலைத்தான். வயதான விலங்கில் அந்தச் சுவர் பயிற்சிக்குப் பிறகு எப்படி மாறுகிறது, ஓட்டத்தை நிறுத்தினால் அந்த மாற்றம் எவ்வளவு காலம் தங்குகிறது என்பது என் கேள்வி.

எங்கள் சக்கர அறையில் இருட்டு நேரத்தில் சிவப்பு விளக்கு மட்டும்தான். சுண்டெலி இருட்டில்தான் ஓடும். கூண்டுக்கு ஒன்றுதான், இரண்டு இருந்தால் எது எவ்வளவு ஓடியது என்று தெரியாது. சக்கரத்தில் ஒரு சின்னக் காந்தம், சுற்றுக்குச் சுற்று சென்சாரில் எண் ஏறும். பாதிக் கூண்டுகளில் சக்கரத்தைச் சுழலாமல் பூட்டி வைத்திருப்போம். புதுப் பொருள் ஒன்று கூண்டில் இருப்பதாலேயே வரும் பலன் வேறு, ஓட்டத்தால் வரும் பலன் வேறு. அதைப் பிரித்துப் பார்க்க அது வேண்டும். இளசுகள் ஒரே ராத்திரியில் பல கிலோமீட்டர் ஓடிவிடும். 20 மாதம் ஆனவை அப்படியில்லை. ஏறி உட்காரும், இறங்கும், மறுபடி ஏறும், கொஞ்சம் ஓடிவிட்டு நின்றுவிடும். நாள் போகப் போக வரைபடத்தில் அந்தத் துண்டு ஓட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நீளும். அதைப் பார்க்கும்போது இந்த வேலையை விட எனக்கு மனசே வராது.

இப்போது பிரச்சினை. என் சம்பளம் என் பாஸின் ஆர்01 கிராண்டிலிருந்து வருகிறது, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனமான என்ஐஎச் தருவது. அது புதுப்பிப்புக்குப் போய், விண்ணப்பங்களை மதிப்பிடும் நிபுணர் குழுவான ஸ்டடி செக்‌ஷனில் நல்ல ஸ்கோர் வாங்கியிருக்கிறது. முன்பெல்லாம் இந்த ஸ்கோருக்குப் பணம் வந்துவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இப்போது யாரும் வாயைத் திறப்பதில்லை. 2025 தொடக்கத்திலேயே என்ஐஎச் கூட்டங்கள் நின்றுபோயின. பிப்ரவரியில் மறைமுகச் செலவுக்கு (கட்டடம், நிர்வாகம் போன்றவை) 15 சதவீத உச்சவரம்பு என்றார்கள், நீதிமன்றம் தடுத்தது. அப்புறம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை அரசாங்கமே முடங்கியது, மறுபடி கூட்டங்கள் ரத்து. அதன் பிறகும் 2026 ஜனவரி 30 வரைக்குமான தற்காலிக நிதிதான் தந்தார்கள். அதிபரின் 2026 பட்ஜெட் என்ஐஎச்சுக்கு 27.5 பில்லியன் டாலர் போதும் என்றது, செனட் குழு 48.7 பில்லியன் என்றது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கே என் மேஜை இருக்கும் என்று தெரியவில்லை.

முதியோர் ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனமான என்ஐஏ பராமரிக்கும் முதிய எலிக் கூட்டத்திலிருந்து அடுத்த தொகுதி வரவேண்டும். அவற்றை இப்போது எடுக்கவா, நிலைமை தெளிந்த பிறகு எடுக்கவா? எனக்கு எச்1பி விசா. வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். போஸ்ட்டாக்குகள் சொந்த லேபுக்கு நகர என்ஐஎச் தரும் கே99 கிராண்டுக்கு விண்ணப்பம் போடலாமா, இல்லை இதையெல்லாம் விட்டுவிட்டுத் தரவுப் பகுப்பாய்வுப் பக்கம் ஒதுங்கிவிடுவதா? உங்களில் யாராவது இந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

பொன்னி எழுதியது:

கயல், நான் ஒரு சின்ன லேப் நடத்துகிறேன், இதே முதுமை ஆராய்ச்சிதான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எலிகளை எடுக்கலாமா என்பதுதான் முதல் கேள்வி. காத்திருப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது, பல்கலைக்கழக நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு அதைப் புரியவைக்கவே முடிவதில்லை. மைக்ரோஸ்கோப்பை அணைத்து வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்துப் போடலாம். இன்றைக்கு 20 மாதமான சுண்டெலிக்கு ஆறு மாதம் கழித்து 26 மாதம் ஆகிவிடும். அப்போது அது வேறு பரிசோதனை. நாம் ஆய்வகத்தில் வைக்கும் சி57பிளாக்6 வகைச் சுண்டெலிக்கு அந்த வயதில் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் வரும், தோல் புண் வரும், பல விலங்குகள் உயிரோடவே இருக்காது. எங்கள் துறையில் ஆறு மாதம் பணம் தாமதமானால் ஆறு மாதம் மட்டும் போவதில்லை. அந்த விலங்குகளுக்காகச் செலவான இரண்டு வருடமும் சேர்ந்து போகிறது.

அதனால் எடுங்கள் என்பேன். ஆனால் நீங்கள் நினைத்திருக்கும் பெரிய வடிவத்தில் வேண்டாம். ஓட்டம், பூட்டிய சக்கரம், ஓடி நிறுத்தியது என்று எல்லாக் குழுவையும் ஒரே நேரத்தில் தொடங்கி, கடைசியில்தான் விடை தெரியும் என்கிற மாதிரி வைத்தால், நடுவில் பணம் நின்றால் கையில் ஒன்றும் இருக்காது. முதல் கட்டத்தில் ஓட்டமும் பூட்டிய சக்கரமும் மட்டும். அது முடிந்தாலே ஒரு கேள்விக்கு விடை கிடைத்துவிட வேண்டும்: வயதான விலங்கில் ரத்தக்குழாய்ச் சுவர் மாறுகிறதா, இல்லையா. நிறுத்தினால் என்ன ஆகிறது என்பது அடுத்த கட்டம். பணம் வந்தால் அது தொடரும், வராவிட்டாலும் முதல் கட்டம் தனிக் கட்டுரையாக நிற்கும். சாவு, நோய், ஓட மறுப்பது எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தேவைக்கு மேல் சில விலங்குகள் வாங்குங்கள். எந்த நோய் கண்டால் எந்த விலங்கை நீக்குவீர்கள் என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வையுங்கள். பிறகு எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

திசுவைச் சேமிப்பதில் கஞ்சத்தனமே கூடாது. மூளையில் ஒரு பாதியை ஃபார்மால்டிஹைடு கரைசலில் போடுங்கள், நிறமேற்றிப் பார்க்க. மறு பாதியில் ஹிப்போகேம்பஸைப் பிரித்தெடுத்துத் திரவ நைட்ரஜனில் உறைய வையுங்கள், ஆர்என்ஏவுக்கு. பிளாஸ்மாவை ஒரே குழாயில் வைக்காமல் சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-இல் வைத்துவிடுங்கள். ஒரு முறை உருக்கி மறுபடி உறைய வைத்த பிளாஸ்மாவில் புரத அளவைப் பார்த்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன். கல்லீரலையும் விடாதீர்கள், உங்கள் கதையே அங்கேதான் தொடங்குகிறது. புது நரம்பு செல்களை எண்ண, பிறக்கும் செல்களில் அடையாளம் பதிக்கும் பிஆர்டியு ஊசி போடும் திட்டம் இருந்தால், அதோடு இளம் நரம்பு செல்களைக் காட்டும் டபுள்கார்டின் என்ற புரதத்துக்கான நிறமேற்றலையும் சேர்த்து யோசியுங்கள். பிஆர்டியுவுக்கு ஊசி போட்ட நாளும் விலங்கைப் பலியிடும் நாளும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். திடீரென்று அறையை மூடச் சொன்னால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். டபுள்கார்டினுக்கு முன்னேற்பாடு எதுவும் வேண்டாம், எடுத்த மூளையில் நேராகப் பார்க்கலாம்.

பண விஷயம். முதலில் உங்கள் பாஸிடம் நேரடியாகக் கேளுங்கள்: என் சம்பளம் எந்தக் கணக்கில், எந்த மாதம் வரை எழுதப்பட்டிருக்கிறது? மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். நல்ல பாஸ் என்றால் அவரே இதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பழைய கிராண்டில் மிச்சம் இருந்தால், கூடுதல் பணம் இல்லாமல் காலத்தை மட்டும் நீட்டிக்கக் கேட்கலாம். பல்கலைக்கழகத்தில் இடைக்கால நிதி இருக்கிறதா என்று துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். பெரும்பாலும் இருக்கும், கேட்பவர்களுக்குத்தான் கிடைக்கும். கூண்டு வாடகையையும் கணக்குப் போடுங்கள். கூண்டுக்கு ஐந்து என்று இருக்கும் இடத்தில் நீங்கள் ஒன்று வைக்கிறீர்கள், செலவு அங்கேதான் ஏறுகிறது.

நல்ல ஸ்கோர் இருந்தும் பணம் உறுதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு காரணம், ஐந்து வருடப் பணத்தையும் முதல் வருடமே ஒதுக்கச் சொல்லும் முறை 2025-இல் அதிகமானது. மொத்தத் தொகை அப்படியே இருந்தாலும், ஒரு கிராண்டுக்கே ஐந்து வருடப் பணம் போய்விடுவதால் அந்த வருடம் புதிதாகக் கிடைப்பவர்களின் எண்ணிக்கை குறைந்துவிடுகிறது. உங்கள் பாஸின் ஆராய்ச்சியில் குறை என்று நீங்கள் ஒரு நிமிடம்கூட நினைக்க வேண்டாம்.

கே99 கட்டாயம் போடுங்கள். அமெரிக்கக் குடியுரிமை, கிரீன் கார்டு எதுவும் அதற்குத் தேவையில்லை. நம்மைப் போல விசாவில் இருப்பவர்களுக்கு என்ஐஎச்சில் திறந்திருக்கும் கதவுகளில் அதுதான் பெரியது. எஃப்32 என்ற போஸ்ட்டாக் உதவித்தொகை நமக்குக் கிடையாது. போஸ்ட்டாக் அனுபவம் நான்கு வருடத்தைத் தாண்டக் கூடாது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். கூடவே என்ஐஎச்சை நம்பாத பணத்தையும் தேடுங்கள். அமெரிக்க முதுமை ஆராய்ச்சிக் கூட்டமைப்பான ஏஃபார் வழியாக க்ளென் அறக்கட்டளை போஸ்ட்டாக்குகளுக்குத் தருகிறது. அல்சைமர் சங்கத்தின் ஆய்வு உதவித்தொகை இருக்கிறது, பிரைட்ஃபோகஸ் அறக்கட்டளை இருக்கிறது. தொகை சின்னதுதான். ஆனால் சம்பளத்தில் ஒரு பகுதியை நீங்களே கொண்டு வருகிறீர்கள் என்றால் லேப் உங்களை வைத்துக்கொள்வது எளிது.

மாலைநடை எழுதியது:

நான் மனிதர்களிடம் செய்யும் பயிற்சி ஆய்வுகளில் ஒருங்கிணைப்பாளர். பொன்னி எலிகளைப் பற்றிச் சொன்னதெல்லாம் எங்களுக்கும் பொருந்தும். ஒரு வருடப் பயிற்சித் திட்டத்தில் எட்டாவது மாதம் பணம் நின்றால், பயிற்சியாளர் வேறு வேலைக்குப் போய்விடுவார், கடைசி எம்ஆர்ஐ ஸ்கேன் நடக்காது. ஆரம்ப ஸ்கேனை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் எதுவும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. எங்களிடம் வருபவர்களுக்கு எழுபது, எழுபத்தைந்து வயது. டிரெட்மில்லில் மூச்சுக் கவசம் மாட்டி, சரிவை ஏற்றிக்கொண்டே போவோம். கை காட்டினால் நிறுத்திவிடுவோம் என்று சொல்லியிருந்தும் சிலர் கை காட்டமாட்டார்கள், இன்னும் கொஞ்சம் என்று தலையசைப்பார்கள். தன் அம்மாவுக்கு வந்த மறதி தனக்கு வரக் கூடாது என்று வருகிறவர்கள் அவர்களில் பலர். அவர்களுக்குப் போன் போட்டு ‘நாளையிலிருந்து வரவேண்டாம்’ என்று சொல்வதை என்னால் சாதாரண அலுவலக வேலையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கயல், தரவுப் பக்கம் ஒதுங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் எலி வேலை ஏன் வேண்டும் என்று எங்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன். 2011-இல் கிர்க் எரிக்சன் குழுவின் ஆய்வு, 120 முதியவர்கள். ஒரு வருடம் நடந்தவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் ஏறத்தாழ 2 சதவீதம் வளர்ந்தது, உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியது. அதைப் படித்துத்தான் என்னைப் போன்ற பலர் இந்தத் துறைக்கு வந்தோம். ஆனால் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அவ்வளவு தெளிவாக இல்லை. லைஃப் என்ற ஆய்வில் 70 முதல் 89 வயது வரை 1,635 பேர், இரண்டு வருடம். சிந்திக்கும் திறனில் வித்தியாசம் தெரியவில்லை. 2022-இல் வந்த இன்னொன்றில் 585 பேர், உடற்பயிற்சியும் மனக்குவிப்புப் பயிற்சியும் சோதித்தார்கள். நினைவாற்றலில் முன்னேற்றம் இல்லை. 2025 ஜூலையில் யுஎஸ் பாயின்டர், 2,111 பேர். அதில் முன்னேற்றம் தெரிந்தது, அதிலும் ஒழுங்குபடுத்திய திட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாக. ஆனால் அங்கே உடற்பயிற்சியோடு உணவு, மூளைப் பயிற்சி, கூடிப் பழகுவது எல்லாம் சேர்ந்தே இருந்தது. எதனால் வந்த பலன் என்று பிரிக்க வழியில்லை.

ஆக, சிலருக்குப் பலிக்கிறது, சிலருக்குப் பலிக்கவில்லை. யாருக்கு, ஏன் என்று எங்களால் சொல்ல முடிவதில்லை, ஏனென்றால் ரத்தத்தில் எதை அளக்க வேண்டும் என்றே உறுதியாகத் தெரியவில்லை. ஜிபிஎல்டி1 சுறுசுறுப்பான முதியவர்களிடமும் கூடுதலாக இருப்பதாக அந்த 2020 கட்டுரையிலேயே இருக்கிறது. மூளையின் வாசலில் நடப்பதற்கு நீங்கள் ஓர் அடையாளத்தைக் கண்டுபிடித்தால், அதை எங்கள் ஃப்ரீசரில் இருக்கும் ரத்தத்தில் நாங்கள் தேடலாம். நீங்கள் நிறுத்தினால் நாங்களும் இருட்டில்தான் தேடவேண்டும்.

தரவுக்காரன் எழுதியது:

ஒதுங்குவது, தொடர்வது என்று இரண்டாகப் பிரிக்க வேண்டாமே. மோட்ராபேக் தரவைப் பார்த்திருக்கிறீர்களா? என்ஐஎச் பணத்தில் நடந்த கூட்டுத் திட்டம். எலிகளை (சுண்டெலி அல்ல, பெரிய வகை) டிரெட்மில்லில் 1, 2, 4, 8 வாரம் ஓடவிட்டு, ரத்தம், பிளாஸ்மா, 18 திசுக்கள் என்று எல்லாவற்றிலும் மூலக்கூறு அளவில் அளந்திருக்கிறார்கள். முதல் பெரிய கட்டுரை 2024-இல் நேச்சர் இதழில் வந்தது. ஹிப்போகேம்பஸும் இருக்கிறது, கல்லீரலும் இருக்கிறது. தரவு பொதுவில் கிடைக்கிறது. சக்கரமும் டிரெட்மில்லும் ஒன்றல்ல, சரி. அந்தக் கட்டுரையின் விலங்குகள் கிழடும் அல்ல. ஆனாலும் கல்லீரலில் எது ஏறும்போது ஹிப்போகேம்பஸின் ரத்தக்குழாய் மரபணுக்களில் எது ஏறுகிறது என்று பார்க்க உங்களுக்கு ஒரு கூண்டுகூட வேண்டாம். கே99 விண்ணப்பத்துக்கு முதற்கட்டத் தரவாக இதையே காட்டலாம். பணம் வராத மாதங்களில் செய்ய வேலையும் இருக்கும்.

கயல் எழுதியது:

மூவருக்கும் ரொம்ப நன்றி. படித்த பிறகு இன்று காலை பாஸிடம் பேசினேன். பழைய கிராண்டில் மிச்சம் இருக்கிறது, நீட்டிப்புக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறாராம். எலிகளை எடுக்கச் சம்மதித்துவிட்டார், ஆனால் கூண்டுகளில் பாதிக்குத்தான். பொன்னி அக்கா சொன்ன முதல் கட்டத்துக்கு அது போதும்.

மாலைநடை, அந்த ஃப்ரீசர் ரத்தம் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் திட்டத்தையே கொஞ்சம் மாற்றினேன். ஜிபிஎல்டி1, கிளஸ்டரின் இரண்டையும் எலி பிளாஸ்மாவில் அளக்கும்போது, மனித மாதிரியிலும் செய்யக்கூடிய முறையைத்தான் எடுக்கப்போகிறேன். நாளைக்கு ஒப்பிட வசதியாக இருக்கும். தரவுக்காரன், மோட்ராபேக் கோப்புகளை இறக்கத் தொடங்கிவிட்டேன்.

அக்கா, ஒரே ஒரு சந்தேகம். பாதிக் கூண்டுகள்தான் என்றால் ஆண், பெண் இரண்டையும் வைப்பதா, ஒன்றை மட்டும் வைப்பதா? ஒன்று மட்டும் வைத்தால் குழுவுக்கு எண்ணிக்கை போதுமான அளவு இருக்கும்.

பொன்னி எழுதியது:

இரண்டையும் வையுங்கள். பெண் சுண்டெலிகள் பொதுவாக ஆணைவிட அதிகம் ஓடும். ஆணை மட்டும் வைத்தால் உங்கள் விடை பாதிப் பேருக்கு மட்டும்தான். அல்சைமர் வருபவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பெண்கள் என்ற நாட்டில் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆண், பெண் என்பதை உயிரியல் மாறியாகக் கருத வேண்டும் என்று என்ஐஎச்சே 2016 முதல் விண்ணப்பங்களில் கேட்டுவருகிறது, கே99 மதிப்பீட்டாளரும் கேட்பார். எண்ணிக்கை குறைவதைச் சமாளிக்க வழி, அளப்பதைக் குறைப்பது. நடத்தைச் சோதனைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீர்ப் புதிர் (தொட்டியில் நீந்தி மேடையைத் தேடும் சோதனை) வேண்டாம். வயதான விலங்குக்கு நீந்துவதே களைப்பு, நினைவு போனதா உடம்பு தளர்ந்ததா என்று பிரிக்கமுடியாமல் திண்டாடுவீர்கள். ஓடி ஓடி உடம்பு தேறிய குழு வேகமாக நீந்தினால் அதையும் நினைவாற்றல் என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. புதுப் பொருளை அடையாளம் காணும் சோதனை போதும்.

கே99-க்கு வழக்கமான கெடுக்களில் ஒன்று பிப்ரவரி 12. நோக்கங்கள் எழுதும் முதல் பக்கம் முடிந்ததும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். மற்றப் பக்கங்களைத் தொடும் முன்பே அனுப்புங்கள், அந்தப் பக்கம் சரியில்லாமல் மற்றதை எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம்.